தகர வரிசை

தண்ணீர் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.
நீர் என்பேன், குடிக்க ஏதும் என்பேன்,
போத்தலைக் காட்டுவேன்.
தேங்காய் வாங்கப் போனால்
"குடுமிக்காய் ரெண்டு" என்பேன்.
கடைக்காரர் சிரிப்பார்.
நான் பெரிய பகிடிக்காரன் என்பது அவர் நம்பிக்கை.

தகர வரிசை முழுவதும்
என் வாயில் பூட்டிக்கிடக்கும் கடை.
ஊரோ திருக்கோணமலை.
பேரோ திவாகரன்.
என் குறைக்குப் பேர் வைத்தவனும்
தி-யில்தான் தொடங்கினான்.

பேரின் முன்பக்கத்தை வெட்டினேன்.
கரன் என்றால் எல்லோருக்கும் போதுமாயிருந்தது.
ஊரை வெட்ட முடியவில்லை.
கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்ஸில்
"கடைசி" என்பேன் கொண்டக்டரிடம்.
ஒருநாள் அவன் "எந்தக் கடைசி?" என்றான்.
பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.
கந்தளாய் என்றேன். ககரம் எனக்கு
வழுக்கிக்கொண்டு வரும்.
விடியப்புறம் மூன்றரைக்கு இறங்கி
குளக்காற்றில் நடுங்கி நின்றேன்,
வீடு இன்னும் நாற்பது கிலோமீற்றர்,
ஓர் எழுத்துக்காக.

ஆண்டு ஐந்தில் வாசிக்க எழும்பியபோது
"நீ இரு" என்றார் டீச்சர்.
பாவம் பார்த்துத்தான் சொன்னார்.
நான் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சோதனைச் சாவடி.
பேர் சொல்லத் தாமதிக்கிறவன்
வேறு பேர் தேடுகிறவன் என்பது அன்றைய கணக்கு.
துவக்கின் வாய் என் வாயையே பார்த்து நிற்க
அப்பா முந்திக்கொண்டு சொல்லுவார்.
வாய் திறக்காதே, உயிரோடு இருப்பாய்.
அந்த நாளில் அது பொய்யில்லை.

சாவடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
மணல்மூட்டை இருந்த இடத்தில் இப்போது
ரீலோட் கடை.
எனக்குள் மட்டும் ஒருவன்
சம்பளமில்லாமல் நின்று
எழுத்துகளை இறக்கி வரிசையில் விட்டுச்
சோதித்துக்கொண்டிருந்தான்.

மனைவி தாரணி.
பன்னிரண்டு வருஷமாய் "இஞ்சேர்" என்றே கூப்பிட்டேன்.
மரியாதை என்று மாமி மெச்சினா.
மகளுக்குத் துளசி என்று வைக்க அவளுக்கு ஆசை.
எண்சாத்திரம் சரியில்லை என்று பொய் சொல்லி
மிதுஷா ஆக்கினேன்.

போன ஞாயிறு, கோட்டை வாசல்.
மகளைப் படமெடுக்க
பின்னால் பின்னால் போகிறாள் தாரணி.
முதுகுக்கு ஒரு முழம் தள்ளி
கொம்பு தாழ்த்திய கலைமான்.
"இஞ்சேர்!" என்று கத்தினேன்.
ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை வாசலில்
எத்தனை இஞ்சேர்.
அவளைத் தவிர எல்லோரும் திரும்பினார்கள்.

தா
தா... தா...

"இந்தாங்கோ" என்று திரும்பிக்
கச்சான் சுருளை நீட்டினாள்.
மானும் அதைத்தான் கேட்டு வந்திருக்கிறது.
எட்டிப் பறித்துக்
கடதாசியோடு மென்றது.

"கச்சான் இல்லை" என்றேன்.
"தா... தா...ரணி."
அவள் சிரிக்கவில்லை.
என் வாயைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.
துளசியை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று
அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியது.
"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள்.
இன்னும் மோசமாக வந்தது.

குணமாகிவிட்டது என்று எழுதவில்லை.
இன்று காலை உள்துறைமுக வீதிக் கடையில்
தே என்று தொடங்கினேன்.
முன்பென்றால் "பிளேன்ரீ" என்று ஓடியிருப்பேன்.
பொடியன் காத்து நின்றான்.
கேத்தில் கொதித்தது.
மீன்வான் ஒன்று ஹோர்ன் அடித்துக் கடந்தது.
நடுத்தெரு மாடுபோல நின்றேன்,
வெட்கத்தோடுதான், நகராமல்.
தேத்தண்ணி வந்து சேர்ந்தது,
முதலில் சொல், பிறகு கோப்பை.

சில்லறை இல்லை. கடன் கொப்பியை விரித்து
"கரன் எண்டு போடவா அண்ணை?" என்றான்.
பேனை கடதாசியைத் தொட்டுவிட்டது.

"பொறு" என்றேன்.
"முன்னுக்குக் கொஞ்சம் இடம் விடு.
ரெண்டு எழுத்து வந்துகொண்டிருக்கு."